யாரும் கட்டிக்கொள்ளாத கயிறு

— அப்படி இல்லைங்க அண்ணி. எட்டு மாதிரி வளைச்சு, நுனியை வந்த வழியிலேயே திருப்பி விடணும். கொடுங்க, நானே கட்டிவிடறேன்.

— கட்டு, மிர்யோங். இருபது வருஷமா கருவாட்டைக் கொடியில கட்டித் தொங்கவிட்ட கை இது. எனக்கு வர்றது அந்த ஒரு முடிச்சுதான்.

— கருவாடு விழுந்தா எடுத்து மறுபடியும் கட்டிக்கலாம்.

— ஆமாமா. புருஷன் விழுந்தாத்தான் கட்ட முடியறதில்ல.

— இடுப்புப் பட்டை இறுக்கமா இருக்கா, இழுத்துப் பாருங்க.

— பேச்சை மாத்தாதே.

— மாத்தல அண்ணி. யோங்தே ஊர்ல இருந்து காலங்காத்தால கடையைப் பூட்டிட்டு வந்திருக்கீங்க. 'இந்த உறைஞ்ச அருவி உச்சியில உங்க மான்ஹோ அண்ணன் நின்ன எடத்துல நானும் ஒருதரம் நிக்கணும்'னு சொன்னீங்க. சரின்னேன். ஆனா போன குளிர்காலத்துக்கு அப்புறம் இந்தக் கயித்துல என்னோட ஒருத்தர்கூடக் கட்டிக்கிட்டதில்ல. ஏறக் கத்துக்க வந்த ஆளுங்களையும் 'அவகிட்டப் போகாதீங்க, கயித்தை விட்டுடுவா'ன்னு மலையேற்றச் சங்கத்துக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. நான் தன்னந்தனியா ஏறி எறங்கிட்டுக் கெடக்கறேன். இப்ப நீங்க வந்து நிக்கறீங்க. அதுவும் அவர் வீட்டுக்காரி. எதுக்கு வந்தீங்க?

— சொல்லத்தான் வந்தேன். மொதல்ல மேல போயிட்டு வரேன்.

— சரி, அப்ப கவனிங்க. இது ஐஸ் கோடாலி, கைக்கு ஒண்ணு. வெறகு பொளக்கற மாதிரி தோள்ல இருந்து வீசக் கூடாது. முழங்கையில ஆரம்பிச்சு, கடைசியில மணிக்கட்டை ஒரு சொடுக்கு. அவ்வளவுதான். உப்பியிருக்கிற எடத்துல அடிச்சா ஐஸ் தட்டுத் தட்டாப் பேந்து மூஞ்சியில விழும். குழிவா இருக்கிற எடமாப் பாத்து அடிங்க.

— பேந்துடுச்சுன்னா?

— 'ஐஸ்'னு கத்துங்க. கீழ இருக்கிறவ ஒதுங்கிப்பா. அதுக்குத்தான் நேர் கீழ நிக்காம இந்தப் பக்கமா நிக்கறேன்.

— ஒதுங்கறது உனக்கு நல்லா வரும்னு எங்க வீட்டுல பேசிக்குவாங்க.

— உங்க வீட்டுல பேசறது எனக்கும் தெரியும். காலைக் காட்டுங்க. பூட்ஸுக்கு அடியில இருக்கிற இந்த முள்ளுல, முன்னால நீட்டிக்கிட்டிருக்கே ரெண்டு பல்லு, அதைத்தான் ஐஸ்ல குத்தி நிக்கணும். குதிகாலைத் தூக்காதீங்க. பயம் வந்தா எல்லாரும் தூக்குவாங்க. தூக்கினா பல்லு கழண்டுக்கும். ரெண்டு கை, ரெண்டு காலு. அதுல மூணு எப்பவும் ஊணி இருக்கணும், ஒண்ணுதான் நகரணும்.

— இந்தக் கயித்தை மேல மாட்டினது யாரு?

— நான்தான். பக்கத்துச் சரிவு வழியா நடந்து போய், மேல இருக்கிற பைன் மரத்துல போட்டுட்டு வந்தேன். அதனால நீங்க வழுக்கினாலும் ஒரு முழம்தான் எறங்குவீங்க.

— அவருக்கு மட்டும் ஏன் அப்படி மாட்டல?

— அண்ணன் முன்னால ஏறுறவரு. அவருக்கு மேல கயிறு இருக்காது. ஏற ஏற ஐஸ்ல திருகாணியை எறக்கி, அதுல கயித்தைக் கோத்துக்கிட்டே போவாரு. கீழ நான் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுத்துக்கிட்டே பிடிச்சிருப்பேன். கை தவறினா கடைசித் திருகாணிக்குக் கொஞ்சம் கீழ தொங்கி நிப்பாரு. நான் பிடிச்சிருந்தா.

— பிடிச்சிருந்தா. நல்லா சொன்னே.

— ஏறுங்க அண்ணி.

— பிடிச்சிருக்கியா?

— பிடிச்சிருக்கேன். ஏறுங்க... வலது கோடாலி சரியா எறங்கல. சத்தத்தைக் கேளுங்க, ஓட்டப் பானையைத் தட்டின மாதிரி இல்ல? மரத்துல ஆணி எறங்கற மாதிரி கனமாக் கேக்கணும். இன்னொரு தரம் அடிங்க. ம். இப்ப காலு.

— கையி கடுக்குது, மிர்யோங்.

— கையை மடக்கிக்கிட்டுத் தொங்கறீங்க. நீட்டி விடுங்க. எலும்புல தொங்கணும், சதையில இல்ல. கையால இழுத்துக்கிட்டு ஏறாதீங்க, கால்ல எந்திரிச்சு நில்லுங்க.

— அவரும் இப்படித்தான் புலம்பிக்கிட்டு ஏறுவாரா?

— அண்ணன் பாடிக்கிட்டே ஏறுவாரு. கீழ நிக்கறவளுக்குத்தான் காது வலிக்கும்.

— ஐஸ்!

— பாத்துட்டேன். சின்னதுதான். நிறுத்தாதீங்க.

— விரலு... ஐயோ, உள்ள ஊசியால குத்தற மாதிரி இருக்கு.

— மரத்துப்போன விரல்ல ரத்தம் திரும்பி வருது. எல்லாருக்கும் வர்றதுதான். கையைக் கீழ தொங்கவிட்டு உதறுங்க. அழணும்னா அழுதுடுங்க, இங்க யாரும் பாக்கல.

— நீ பாக்கறியே.

— நான் கயித்தைத்தான் பாக்கறேன்.

— பிடிச்சிருக்கியா?

— பிடிச்சிருக்கேன் அண்ணி. எத்தனை தடவை கேட்டாலும் பிடிச்சிருக்கேன்.

— வந்துட்டேன். மரம் தெரியுது. இங்கதான் நின்னாரா?

— அந்த விளிம்புலதான். அங்க ஐஸ் மெலிசா இருக்கும், அதுக்கு மேல வெறும் பனித்தூளு. ஏறி முடிச்சாச்சுன்னு நெனைக்கற எடம்தான் இருக்கறதுலயே மோசமான எடம். அங்க இருந்து மரத்துக்குப் போகணும். மரத்துல தன்னைக் கட்டிக்கணும். அப்புறம்தான் 'முடிஞ்சது'ன்னு கத்தணும். அந்த வார்த்தையைக் கேட்டாத்தான் கீழ இருக்கிறவ தன் பிடியில இருந்து கயித்தைக் கழட்டுவா. இப்ப நீங்க கத்துங்க.

— எதுக்கு?

— அன்னிக்கு அடிச்ச காத்துதான் இன்னிக்கும் அடிக்குது. காத்துல எனக்கு ஒண்ணும் கேட்டிருக்காது, நானா நெனைச்சுக்கிட்டுக் கழட்டிட்டேன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? கேக்குமா கேக்காதான்னு நீங்களே பாத்துடுங்க. கத்துங்க.

— முடிஞ்சது!

— மரத்துல கட்டியாச்சா?

— என்னது?

— மரத்துல கட்டிக்கிட்டீங்களான்னு கேக்கறேன்.

— இல்ல.

— அப்ப நான் கழட்ட மாட்டேன். ஆனா கேட்டுச்சு, அண்ணி. பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு.

— இதை ஏன் அவர்கிட்ட கேக்கல?

— எதை?

— 'கட்டிக்கிட்டீங்களா'ன்னு இப்ப என்கிட்ட கேட்டியே. அன்னிக்கு அவர்கிட்ட ஏன் திருப்பிக் கேக்கல?

— கீழ வாங்க, சொல்றேன். நாற்காலியில உக்கார்ற மாதிரி பின்னால சாயுங்க. நான் எறக்கறேன். காலை அகட்டி வெச்சு நடந்து வாங்க... மெதுவா... தரை வந்தாச்சு. நில்லுங்க.

— சொல்லு.

— சங்கத்துல பெரியவங்களைச் சின்னவங்க திருப்பிக் கேக்கறதில்ல. நான் சேந்த புதுசுல ஒருதரம் கேட்டேன், பேக்ங்கற நம்ம சங்கத் தலைவர்கிட்ட. எறங்கி வந்து எல்லார் முன்னாலயும் கோடாலிக் காம்பால என் ஹெல்மெட்டுல தட்டினாரு. 'நான் மலை ஏறும்போது நீ தொட்டில்ல கெடந்தே, என்னையே சோதிக்கிறியா'ன்னாரு. பக்கத்துல நின்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சது மான்ஹோ அண்ணன். அன்னிக்கு ராத்திரி சங்கத்துப் பாத்திரம் முழுக்க என்னைக் கழுவ வெச்சாங்க. அதுக்கப்புறம் நான் யாரையும் கேட்டதில்ல. பெரியவங்க 'முடிஞ்சது'ன்னா முடிஞ்சது. கழட்டிடுவேன். அன்னிக்கும் கழட்டினேன். அடுத்த நிமிஷம், அவர் விழற வேகத்துல கயிறு என் கண்ணெதிர விறுவிறுன்னு மேல ஓடுது.

— வேண்டாம், விடு.

— வெறுங்கையால பிடிச்சேன் அண்ணி. கையுறை தீஞ்சு, உள்ளங்கைத் தோலு உரிஞ்சு கயித்தோட போச்சு. ஆஸ்பத்திரியில அத்தனை பேர் இருந்தாங்க. ஒருத்தர்கூட என் கையைப் பாக்கல.

— நான் பாத்தேன். சரி, நான் வந்த விஷயத்தைச் சொல்லிடறேன். மத்தியானம் சங்கம் மொத்தமும் இங்க வருது, வருஷ மலைப் பூசைக்கு. பன்றித் தலை, அரிசி மாப்பண்டம், கள்ளு எல்லாம் ஏற்பாடாகிடுச்சு. உன்னையும் பூசையில சேத்துக்கச் சொல்லித் தலைவர்கிட்ட நான்தான் பேசியிருக்கேன்.

— நீங்களா?

— நான்தான். நீ மலைக்குக் கள்ளு ஊத்தி, விழுந்து கும்பிட்டு, 'அவர் சொல்றதுக்கு முன்னாலயே அவசரப்பட்டுக் கயித்தைக் கழட்டினது நான்தான்'னு ஒரு வார்த்தை சொல்லிடு. அதோட முடிஞ்சுது. மறுபடியும் சங்கத்துல சேத்துக்குவாங்க. உன் கயித்துல கட்டிக்கிட்டு ஏறுவாங்க. கத்துக்கறவங்களும் வருவாங்க.

— சொல்லலேன்னா?

— சொல்லலேன்னா தனியா ஏறிக்கிட்டே இரு. கெழவியாகிற வரைக்கும்.

— நான் அவசரப்படல.

— படுத்த படுக்கையில கெடக்கற எங்க வீட்டுக்காரர், கத்தவே இல்லங்கறாரு.

— பொய் சொல்றாரு.

— சொல்லிட்டுப் போகட்டும். ஒரு வருஷமா என்கிட்ட மிச்சம் இருக்கிற மனுஷன் எப்படி இருக்காருன்னு தெரியுமா உனக்கு? காலையில சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தா பொழுது சாயற வரைக்கும் அப்படியேதான். குளிப்பாட்டறது, தொடைச்சுவிடறது எல்லாம் நான். சாயங்காலம் உங்க ஆளுங்க வந்து சோஜூ சாராயப் பாட்டிலைத் தெறந்து வெச்சுக்கிட்டு உன்னைத் திட்ட ஆரம்பிப்பாங்க. அப்பத்தான் எந்திரிச்சு உக்காருவாரு. சிரிப்பாரு. அப்பத்தான் ஒரு கிண்ணம் கருவாட்டு சூப்பு உள்ள போகும். தப்பு தன்னோடதுன்னு ஆயிட்டா, அந்த மனுஷன் எதைத் தின்னு உயிரோட இருப்பாரு?

— இப்ப என்னைத் தின்னுக்கிட்டிருக்காரு.

— ஆமாமா. அந்த ருசி பழகிடுச்சு.

— நான் ஒத்துக்கிட்டா அப்புறம் எப்படித் திட்டுவாங்க? சூப்பு எப்படி எறங்கும்?

— மன்னிச்சவருன்னு பேரு வாங்குவாரில்ல. அது இன்னும் ருசியா இருக்கும்.

— ஒரு வருஷம் சும்மா இருந்துட்டு, இப்ப ஏன் இந்த அவசரம்?

— தலைவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. 'மிர்யோங் கை தவறி நான் பாத்ததே இல்லையே, மான்ஹோவை இன்னொரு தரம் விசாரிக்கணும்'னு போன வாரம் கடையில உக்காந்து பேசறாரு. எங்க வீட்டுக்காரர் காதுக்கு அது போகக் கூடாது. அதுக்கு முன்னால நீ சொல்லிடணும்.

— அப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்தாலே போதும். விசாரிச்சா உண்மை வெளிய வரும். என் பேரு எனக்குத் திரும்பக் கெடைக்கும்.

— கெடைக்கும். இங்க உனக்குப் பேரு வந்த அன்னிக்கே அங்க எனக்கு எழவு விழும். யோசிச்சுக்கோ.

— நீங்க நல்லாப் பேரம் பேசறீங்க, அண்ணி.

— சந்தையில பொழைக்கிறவ. வேற எப்படிப் பேசுவேன்?

— ஒண்ணு கேக்கறேன். மேல தொங்கினப்போ, நான் விட்டுடுவேன்னு ஒரு தடவையாவது தோணிச்சா உங்களுக்கு?

— இல்ல.

— உங்க வீட்டுக்காரரைக் கொல்லப் பாத்ததுன்னு பேரெடுத்த கையி இது. சங்கத்துல இருக்கிற அத்தனை ஆம்பளையும் பயப்படற கயிறு. கோடாலியைப் பிடிக்கக்கூடத் தெரியாம, எந்த தைரியத்துல இதுல கட்டிக்கிட்டீங்க?

— மேல போய்ச் சேந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணுங்கன்னு அன்னிக்கு அவர்கிட்ட சொல்லி அனுப்பினதே நான்தான், மிர்யோங். பண்ணினாரு. 'வந்துட்டேன், இரு, கீழ ஒரு வார்த்தை சொல்லிடறேன்'னு சொல்லிட்டு, போனைக் காதுல வெச்சுக்கிட்டே உன்னைப் பாத்து 'முடிஞ்சது'ன்னு ஒரு கத்து கத்தினாரு, எனக்குக் காது அடைச்சுப்போச்சு. அதுக்கப்புறம் போன்ல வெறும் காத்துச் சத்தம்தான். மரத்துல கட்டிக்கறதுக்கு முன்னாலயே எனக்குப் பண்ணியிருக்காரு. நீ சரியாத்தான் கழட்டினே. வா, வண்டிங்க வர்ற சத்தம் கேக்குது, பூசைக்கு நேரமாச்சு.