நாற்பது நொடி நிசப்தம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் காது மருத்துவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என் நேரத்தையும் சேர்த்தே பேசி முடித்த செயலாளர் அண்ணன் அவர்களே! வாழ்த்த வந்த பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் கவலையை நெஞ்சிலும் சுமந்து வந்த தாய்மார்களே! என் சொற்களைச் சைகையில் சொல்லும் தங்கையே! அந்தக் கைகளைக் கண்கொட்டாமல் பார்க்கும், காது கேளாத என் கண்மணிகளே! வணக்கம்.

நான் பேருந்து நடத்துநர். கத்திக் கத்தியே காலம் தள்ளுபவள். என் குரலுக்குக் கடைசி இருக்கையில் தூங்குபவரும் கண் விழிப்பார். சிரிக்காதீர்கள், உண்மை! இதோ, இரண்டாம் வரிசையில் ஒரு குழந்தைகூடச் சிணுங்குகிறது. இருடா ராஜா, அத்தை முடித்துவிடுகிறேன்.

இந்தக் குரலை என் மகள் ஒருநாளும் கேட்டதில்லை. அது எனக்குத் தெரிந்தபோது அவளுக்கு வயது மூன்று. பிறந்த வாரமே சோதித்திருந்தால் அந்த மூன்று ஆண்டுகள் பாழாகியிருக்குமா? வேறொரு தாய்க்கு இந்தத் தாமதம் நேரலாமா? நேரக்கூடாது என்றுதான் காலை நிகழ்ச்சி நடத்தும் தொலைக்காட்சி நிலையத்தின் படியேறினேன்.

முதல் முறை, மூன்று பக்கம் எழுதிப் போனேன். நம் பெற்றோர் சங்கம் தொடங்கிய தேதி, தலைவர், துணைத்தலைவர் எல்லாம் இருந்தது. தயாரிப்பாளர் தம்பி முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. "அக்கா, இது கூட்ட அறிக்கை. இதுல கதை எங்க இருக்கு?" என்றார்.

இரண்டாம் முறை, மகளின் கதையைச் சொன்னேன். "மனசு கஷ்டமாத்தான்க்கா இருக்கு. ஆனா காலையில யாரு உக்காந்து டிவி பாக்கறாங்க? அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, காதால கேக்கறாங்க. அவ்ளோதான்."

சோர்ந்தேனா? இல்லை! சுருண்டேனா? இல்லை! பேருந்தில் விசில் ஊதிக்கொண்டே, 'காதால கேக்கறாங்க' என்ற அந்தச் சொல்லை அசைபோட்டேன். மூன்றாம் முறை, ஒரே வரியோடு போனேன்.

"தம்பி, நாப்பது நொடி சத்தத்தை நிறுத்துங்க."

"ஐயோ அக்கா! டிவி கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களே!"

"அதுக்குத்தான் தம்பி!"

நிறுத்தினார்கள். சத்தம் நின்றது; சமையல் நின்றது; தலைவாரிய சீப்பு பாதியில் நின்றது. திரும்பிய கண்களுக்கு முன்னே, திரையில் என் மகள் கைகளால் கேட்டாள். கீழே எழுத்தில் வந்தது: "உங்கள் குழந்தையின் காதைச் சோதித்தீர்களா?"

அன்றே ஒரு தாய் சங்கத்துக்குத் தொலைபேசினார். "அக்கா, சத்தம் திரும்ப வந்தப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. டிவி பக்கத்துலயே கிடந்த என் நாலு மாசக் குழந்தை அசையவே இல்லக்கா."

மேலும் சில தொலைக்காட்சி நிலையங்கள் இருக்கின்றன. நாளை காலை அடுத்த படி ஏறப்போகிறேன். ஒற்றை வரியோடு என்னுடன் வரப்போவது யார்? கை தூக்குங்கள்! இத்தனை கைகளா!

அந்தத் தாய் இங்கேதான் இருக்கிறார். இரண்டாம் வரிசையில், காதுக்குப் பின்னே கருவி மாட்டிய மகனை மடியில் அமர்த்தி, அவன் அழுகிறானே என்று கூச்சத்தோடு எழப் பார்க்கிறார். உட்காருங்கள் தாயே! என் குரல் அவன் காதில் விழுகிறது, அதனால் அழுகிறான். நன்றாக அழட்டும்! கேட்டிருந்த காதுகளுக்கும் பார்த்திருந்த கண்களுக்கும் நன்றி, வணக்கம்.