கீழப்படுகைக்குப் போகாத மருந்து

வெந்நீர் கொடுத்ததற்கு நன்றி, மாஜிஸ்திரேட் ஐயா. இந்தக் கோடையில் பச்சைத் தண்ணீர் குடிக்க எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் குமாஸ்தா நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டதைக் கவனித்தேன். அவர் பயப்பட வேண்டாம். நான் ஊசி போட்டுக்கொண்டவன்.

என் பெயர் பாலசுந்தரம். திருச்சியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். ஏழைகள் வைத்தியம் கிடைக்காமல் சாவதைப் பற்றித்தான் இத்தனை வருஷமாக எழுதி வருகிறேன். சந்தா கட்டுகிறவனுக்குத்தான் டாக்டர் என்கிற ஏற்பாடு கூடாது, சர்க்காரே எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். சென்னையில் சர்க்காரின் வைத்தியக் கமிட்டி முன்னால் சொன்னால் அத்தாட்சி கேட்பார்கள்.

அத்தாட்சிக்காகத்தான் திருமழபாடிக்கு அப்பால் கொள்ளிடக் கரைக்கு வந்தேன். மேலப்படுகையில் சொந்த நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள். கீழப்படுகையில் அந்த நிலத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும். மேலப்படுகையில் வீட்டுக்கு வீடு அறுவடை நெல்லைச் சந்தாவாக வாங்கி ஒரு வைத்திய நிதி ஏற்படுத்தினேன். அதிலிருந்து சம்பளம் பெற்று டாக்டர் வேணுகோபால் அரியலூரிலிருந்து வந்துபோவார். கீழப்படுகைக்காரர்களால் நெல் கொடுக்க முடியவில்லை. அவர்களை அப்படியே விட்டுவிட்டேன். ஒரே காற்று, ஒரே ஆறு. வித்தியாசம் சந்தா மட்டும்தான். ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஒரு ஜோடி வேறெங்கே கிடைக்கும்?

ஆனால் இரண்டு வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பக்கமும் காய்ச்சல் வந்தது, போனது. என் கட்டுரையைப் படித்தவர்கள் வித்தியாசம் போதாது என்றார்கள். இந்த ஆராய்ச்சிக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையை இந்த வருஷத்தோடு நிறுத்தப்போவதாகவும் சொன்னார்கள். எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தில் தூக்கம் போயிற்று.

சித்திரையில் கொள்ளிடம் வற்றி, ஜனங்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தபோது காலரா வந்தது.

பட்டப்பகலில் கதவுகளைத் தாழிட்டுக்கொண்டார்கள். யாராவது தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட ஒருவரும் பதில் கொடுக்கவில்லை. டாக்டர் ஊசி மருந்தோடு வந்து மேலப்படுகையில் எல்லோருக்கும் போட்டார். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார்.

"பாதி மருந்த அந்தப் பக்கத்துக்குன்னு வச்சிருக்கேன் சார். சந்தா கட்டலேன்னா என்ன, அவங்களும் மனுஷங்கதானே."

"சர்க்கார் ஆளுங்க நேத்தே அங்க ஊசி போட்டுட்டுப் போயிட்டாங்க டாக்டர்" என்றேன்.

யாரும் வந்திருக்கவில்லை. அவருக்கோ ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. வேறு ஊர்களிலும் அவருக்காகக் காத்திருந்தார்கள். மிச்ச மருந்தையும் பவுடரையும் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பெட்டியோடு என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். அவற்றை மேலப்படுகையில் நான் தங்கியிருந்த அறையில் வைத்துப் பூட்டினேன்.

மேலப்படுகைக் கிணற்றில் மருந்து கலந்த செய்தி வாய்க்காலைத் தாண்டிவிட்டது. அவர்கள் குடங்களோடு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். நிதிக்குத் தலைவர் வெள்ளைச்சாமி. அவரிடம் சொன்னேன், அவர்களுடைய குடம் கிணற்றில் பட்டால் நோயும் இறங்கிவிடும் என்று. அவர் வாய்க்கால் பாலத்தில் தடியோடு ஆட்களை நிறுத்தினார். ஆனால் மறுநாளே என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சின்னப் புள்ளைங்க அக்கரையில நின்னு அழுவுதுங்க சார். நம்ம குடத்துல மொண்டு அங்க ஊத்திட்டு வந்துரலாமா? தொடவே வேண்டாம்."

"உங்க பேரனுக்கு என்ன வயசாகுது?" என்று கேட்டேன்.

அவர் பாலத்துக்கே திரும்பிப் போனார். அதற்குப் பிறகு தண்ணீர்ப் பேச்சை எடுக்கவில்லை.

நான் குரலை உயர்த்தவில்லை ஐயா. யாரையும் தொடவில்லை. ஜனங்களிடம் ஏற்கெனவே பயம் இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

கீழப்படுகையில் சிதைப் புகை ஓயவில்லை. செங்கமலம் என்றொருத்தி, களையெடுக்க வருகிறவள். முதலில் புருஷன் போனான். பிறகு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தின் அந்த முனையில் நின்றாள். நான் இந்த முனையில் நின்றேன்.

"ஐயா, ஒரு செம்பு மருந்துத் தண்ணி கொடுக்கச் சொல்லுங்கய்யா. வவுறு காலியாயிருச்சு. கண்ணு உள்ள போவுது பாருங்கய்யா."

டாக்டர் வரட்டும் என்றேன். என் சட்டைப் பையில் அறைச்சாவி இருந்தது. சாயங்காலத்துக்குள் குழந்தை போய்விட்டது.

மேலப்படுகையில் ஒரு சாவுகூட இல்லை. இவ்வளவு தெளிவான வித்தியாசத்தை நான் எந்தத் தேசத்துப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

பிறகு பாலத்தில் நின்ற ஆட்களும் பயந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். செங்கமலம் வந்து என் வாசலுக்கு நேரே வெயிலில் உட்கார்ந்தாள். அழவில்லை, திட்டவில்லை. உள்ளே தாழிட்டுக்கொண்டேன். ஜன்னல் இடுக்கில் பார்க்கும்போதெல்லாம் அங்கேயே இருந்தாள். எனக்கும் நோய் வந்துவிட்டதோ என்று நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். அவள் எழுந்து வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று தெரியாமல், மருந்துப் பெட்டியைக் கதவுக்கு அண்டை கொடுத்து வைத்தேன்.

டாக்டர் திரும்பி வந்து தாழ் தெறிக்கக் கதவைத் தள்ளித் திறந்தபோது முதலில் அவர் காலில் தட்டியது அந்தப் பெட்டிதான். கீழப்படுகை வழியாகத்தான் வந்திருக்கிறார். மூடியைத் திறந்து, மருந்து அப்படியே இருப்பதைப் பார்த்தார். வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். புகார் கொடுத்தவர் அவர்தான். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவர்களை நான்தான் சாக விட்டேன். கமிட்டி என் கட்டுரையைப் படித்தால், இந்த ராஜதானியில் இனி எந்த ஏழையும் மருந்தில்லாமல் சாக மாட்டான். குமாஸ்தாவிடம் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

போலீஸ்காரர் என்னை அழைத்துப் போகும்போது செங்கமலம் எழுந்து நின்றாள்.

"எங்களுக்கு மட்டும் ஏன் மருந்து வரலய்யா?" என்று கேட்டாள்.

"நீங்க சந்தா கட்டலியேம்மா" என்றேன்.

டாக்டரிடம் பொய் சொன்னேன், வெள்ளைச்சாமியைப் பயமுறுத்தினேன். அவளிடம் மட்டும் நான் உண்மையைத்தான் சொன்னேன் ஐயா.