மறதிப் பூதம்

தம்பி: ...நம்ம பகடை விளையாட்டுப் புத்தகத்துக்கு நீ எழுதின மத்த பூதமெல்லாம் அருமைக்கா. இந்த மறதிப் பூதத்தை மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுத்துடு.

அக்கா: அதுல என்ன குறை?

தம்பி: நேத்து நாலு பேரை உக்கார வெச்சு ஆடிப் பாத்தோம். சாயங்காலம் முழுக்கப் பகடை உருட்டி, காடு மலையெல்லாம் தாண்டி, குகைக்குப் போய்ச் சேந்தாங்க. ஊரையே கொளுத்தின பூதம்ல, பழி வாங்கணும்னு வாளை ஓங்கினா...

அக்கா: "யாருப்பா நீங்க, சாப்பிட்டீங்களா"ன்னு கேக்கும்.

தம்பி: கேட்டுது. ஒருத்தனுக்கும் கை வரல. பகடையை மேசையிலயே போட்டுட்டு எழுந்துட்டாங்க.

அக்கா: அப்ப நல்லாத்தான் வேலை செய்யுது.

தம்பி: விளையாடாதக்கா.

அக்கா: விளையாட்டுதானேடா நம்ம பொழப்பு.

தம்பி: எதிரின்னு ஒண்ணு இருந்தா அதுக்கொரு பலவீனம் இருக்கணும். நெருப்புக்குப் பயப்படும், தண்ணிக்குப் பயப்படும்... இல்லன்னா ஆடறவன் புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சுடுவான். எனக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே நீதான்.

அக்கா: இதுக்குப் பலவீனம் கிடையாது.

தம்பி: சரி, வயசாக ஆக பலம் குறையும்னு போடேன். அடி தாங்கற உயிர்ப் புள்ளி எல்லாம் கரைஞ்சு போச்சு, பல்லு கொட்டிடுச்சு, இனிமே அதால யாருக்கும் ஆபத்தில்லன்னு...

அக்கா: பல்லு கொட்டினா கடிச்ச தழும்பும் கொட்டிடுமா? சரி, படம் வரைஞ்சியா?

தம்பி: இந்தா. கண்ணு மட்டும் சரியா வரல.

அக்கா: கண்ணு அப்படியேதான் இருக்கு. ஆமா, பூதம் அடிக்கறப்போ பக்கத்துல நிக்கறவங்க ஊமையாயிடுவாங்கன்னு எழுதியிருந்தேனே. அவங்களைக் காணோம்?

தம்பி: இடம் பத்தலக்கா.

அக்கா: பத்தாதுதான்.

தம்பி: குத்திக் காட்டறியா?

அக்கா: பூதத்தைப் பத்திப் பேசிட்டிருக்கேன்.

தம்பி: அக்கா... நான் புத்தகத்துக்காக மட்டும் வரல.

அக்கா: தெரியும். நான் போடற டீயை மூணாவது தடவை கேட்டு வாங்கிக் குடிக்கறியே.

தம்பி: அப்பாவை என்னால பாத்துக்க முடியல. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம். அவரு அடுப்பை அணைக்க மறந்துடறாரு. கதவைத் திறந்து போட்டுட்டுத் தெருவுல போய் நிக்கறாரு. உனக்குன்னா வீட்டுலயே வேலை... ஒரு ரூமும் சும்மாதான் கிடக்கு...

அக்கா: இன்னிக்கும் யாராவது பெல்ட்டைக் கழட்டற சத்தம் கேட்டா எனக்குத் தூக்கிவாரிப் போடுதுடா.

தம்பி: அவருக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லக்கா.

அக்கா: அவருக்கு இல்ல.

தம்பி: நான் சின்னப் பையன். அம்மாவே வாயைத் திறக்கல. நான் என்ன பண்ணியிருக்க முடியும்?

அக்கா: அப்ப சரி. நரை விழுந்தப்புறம்? "அப்பா உன்னை அடிச்சது தப்புக்கா"ன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், சொல்லியிருக்கியா? அதுக்கும் இடம் பத்தலையா?

தம்பி: சொல்லியிருக்கணும். ...ஒண்ணு சொல்றேன், கத்தாத. கீழ கார்லதான் உக்காந்திருக்காரு. என் பொண்டாட்டி கூட இருக்கா. ஒரு தடவை முகத்தைப் பாரு போதும். பழைய ஆளே இல்லக்கா அவரு.

அக்கா: பாத்துட்டேன்.

தம்பி: எப்போ? ஜன்னல் வழியாவா?

அக்கா: போன வாரம். நீங்க கிளம்பிப் போனப்புறம் உன் வீட்டுக்கு வந்தேன். அவருதான் கதவைத் திறந்தாரு. நான் யாருன்னு அவருக்குத் தெரியல. எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். பெல்ட்டு, பூட்டின ரூமு, பள்ளிக்கூடத்துல கையை மறைச்சுட்டுத் திரிஞ்சது... ஒண்ணு விடல. எப்படியாவது அவருக்கு ஞாபகம் வரணும்டா. வந்து, உடைஞ்சு போகணும். அதுக்குத்தான் போனேன்.

தம்பி: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ.

அக்கா: நீ கார்ல கூட்டிட்டு வந்ததை முதல்லயே சொன்னியா?

தம்பி: ...என்ன சொன்னாரு?

அக்கா: அழுதாரு. "யாரும்மா அந்தப் படுபாவி, பச்சப்புள்ளைய அடிச்ச கை விளங்குமா"ன்னு கேட்டாரு. என் தலையைத் தடவிக் குடுத்தாரு.

தம்பி: அக்கா...

அக்கா: இத்தனை வருஷத்துல எனக்காக அந்த ஆளைத் திட்டினது அவரு ஒருத்தர்தான்டா. போ, மேல கூட்டிட்டு வா.