விதை மல்லாட்டை இருந்த ரூம்

அப்போதெல்லாம் ஆஸ்பத்திரி மருந்துக்கு பாட்டிலை நாம்தான் கொண்டுபோகணும். திண்டிவனத்தில் அப்படி ஒரு காலி பாட்டிலோடு வரிசையில் நின்றிருந்தேன். பின்னால் ஒரு பெரியவர், "உங்க மூச்சுக்காத்து பட்டுத்தாம்மா என் செவுரு கெட்டுப்போச்சு" என்றார். திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவர் வீட்டுச் சொந்தக்காரர், முட்டிவலித் தைலத்துக்கு வந்திருந்தார். பக்கத்தில் அவர் வீட்டில் குடியிருக்கும் பெண். அவள் தோளில் நாலு வயசு மகள் இருமிக்கொண்டே இருந்தாள்.

"செவுரு பூரா பூசணம் பூத்திருக்குதுங்க. தொடைச்சா ரெண்டு நாள்ல மறுபடியும் வந்துடுது. சுண்ணாம்பாவது அடிச்சிக் குடுங்க."

"நான் ஏன் அடிக்கணும்? ஈரத்துணிய உள்ளயே காயப் போட்டுக்கினு, ஜன்னலையும் சாத்திக்கினு இருந்தா பூசணம் வராம என்னா வரும்?"

"அந்த ரூமுக்கு ஏதுங்க ஜன்னலு?"

அது காதில் விழாதவர் மாதிரி அவர் தன் பாட்டிலைத் துண்டால் துடைத்தார்.

"நாங்க வர்றதுக்கு முன்ன அங்க யாருங்க இருந்தாங்க?"

"யாரும் இல்ல. விதை மல்லாட்டைதான் மூட்டை மூட்டையா போட்டு வெச்சிருந்தேன். ஓதம் ஏறி பூசணம் புடிச்சிடுச்சு. அப்புறம் அது எப்படி மொளைக்கும்? அதான் எல்லாத்தையும் மாடிக்கு ஏத்திட்டு, ரூம உங்களுக்கு உட்டேன்."

விதை வேர்க்கடலையை மாடிக்கு ஏற்றிய கதையைச் சொன்னதில் ஒரு துளி கூச்சம் இல்லை.

வரிசை ஓரடி நகர்ந்தது. அவள் மகளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மாடியில அந்த மூட்டைங்க பக்கத்துல, இவளுக்கு ஒரு பாய் போட எடம் இருக்குமாங்க?"