பதினோராவது புட்டி

கஞ்சி காய்ச்சத் தெரிந்த யாரும் என் வேலையைச் செய்துவிடலாம், இன்ஸ்பெக்டர். பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் பட்டுப் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சிக்கும் என் கஞ்சிக்கும் பெரிய வித்தியாசமில்லை. என்னுடையது உருளைக்கிழங்கு மாவு, அவ்வளவுதான். கட்டி தட்டாமல் காய்ச்சித் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் அல்வாப் பலகை மாதிரி உறையும். அதில் வரிசையாகக் கீறி, ரத்தத்தில் நனைத்த காகிதத் துண்டுகளைச் செருகி, இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுக்க வேண்டும். ரத்தத்திலுள்ள புரதங்கள் நகர ஆரம்பிக்கும், சில வேகமாக, சில மெதுவாக. பிறகு சாயம் ஏற்றினால் அவை போய் நின்ற இடம் நீலக் கோடாகத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் திருஞானசம்பந்தம் சார், நீங்கள் எழுதுகிற வேகத்துக்கே சொல்கிறேன். அவசரமில்லை.

டால்பின் மீனல்ல, நம்மைப் போலப் பால் கொடுக்கிற பிராணி. அதன் ரத்தத்தில் இரும்பைச் சுமக்கிற ஒரு புரதம் உண்டு. அதில் வேகமான வகை ஒன்று, மெதுவான வகை ஒன்று. குட்டிக்குத் தாயிடமிருந்து ஒன்று வரும், தகப்பனிடமிருந்து ஒன்று வரும். இரண்டும் ஒரே வகையானால் கஞ்சிப் பலகையில் ஒற்றைக் கோடு. வெவ்வேறானால் இரட்டைக் கோடு. நீந்துகிற ஒரு கூட்டம் ஒரே வம்சமா, அது எப்படிப் பிழைத்து வந்தது என்பதை இந்தக் கோடுகளிலிருந்து படித்துவிடலாம். காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது. அதனாலென்ன, ஏழு வருஷமாக இந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தே நான் கடலைப் படித்தேன்.

தேவசகாயம் கோவளத்து மீனவன். டால்பினை அவர்கள் ஓங்கில் என்பார்கள். வலையில் ஓங்கில் சிக்கிச் செத்தால் ரத்தம் எடுத்து வரும்படி பத்துப் புட்டி கொடுத்திருந்தேன். போன வருஷம், எழுபதாம் ஆண்டு மாசி மாதம், ஐஸ் வாளியில் பத்தும் நிரம்பி வந்தன. ஒரு கூட்டமே சிக்கியதாக நான் நினைத்துக்கொண்டேன். பலகையில் ஏற்றினேன். பத்திலும் இரட்டைக் கோடு. இந்தக் கடலில் இரண்டு வகையும் சேர்ந்த பிராணிதான் பிழைக்கிறது என்று கட்டுரை எழுதி, ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அதை அச்சிட ஒப்புக்கொண்டால் எனக்கு டாக்டர் பட்டம் நிச்சயம்.

பத்திரிகைக்காக அதைப் படித்துப் பார்த்த நிபுணர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். இரட்டைக் கோடு வருவது அதிகபட்சம் காசு சுண்டுவது மாதிரி, பாதிக்குப் பாதி. பத்துத் தடவை சுண்டிப் பத்தும் பூவாக விழுமா? பத்தும் தனித்தனிப் பிராணிகள்தானா?

தேவசகாயத்துக்குக் கார்டு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தான். கல்லூரியில் யாருமில்லை. பலகையைக் குளிர வைக்க நான் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். கேட்டேன்.

"ஒரே ஓங்கில்தான் சார். செத்து வந்துச்சு. நீ பத்துப் புட்டி குடுத்தியே, பத்துலயும் ஊத்திக்கினு வந்தேன்."

மிச்சம் ஒன்பது எப்போது கிடைக்கும் என்றேன்.

"இன்னா சார் நீ! அதுங்கதான் மீனை நம்ம வலைப் பக்கம் வெரட்டிக்கினு வருது. அத்தப் போயி எவனாச்சும் அடிப்பானா? செத்த ஒண்ணுக்கே குழி தோண்டிப் பொதைச்சிட்டு மூணு நாளு கடலுக்குப் போவாம குந்திக்கினு இருந்தோம்." பிறகு சிரித்தான். "ஏன் சார், இவ்ளோ படிச்சிக்கீற. ஒரு ஓங்கிலுக்கும் பத்து ஓங்கிலுக்கும் வித்தியாசம் தெர்லியா உனக்கு?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே அருகில் வந்தான்.

"பயப்படாத சார். நாளைக்கே பிரின்சிபால் ஐயாகிட்ட வந்து சொல்லிக்கிறேன். தப்பு என்னுது, சார் மேல ஒண்ணுமில்லன்னு."

நல்ல மனிதன். உண்மையைச் சொல்லாமல் இருக்கமாட்டான். அதுதான் சிக்கல்.

ஐஸ் உடைக்கிற சுத்தியல் கையில் இருந்தது. முதல் அடி காதுக்கு மேலே. அந்த இடத்தில் எலும்பு மெல்லியது. உட்கார்ந்துவிட்டான், "சார்" என்றான். இரண்டாவது அடி எதற்கு என்று கேட்கிறீர்கள். அவன் எழுந்திருக்கப் பார்த்தான். மூன்றாவது, எழுந்திருக்காமல் இருப்பதற்கு. ஐந்து வரை எண்ணினேன். எண்ணுவது என் பழக்கம். எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சியைக்கூட நசுக்கமாட்டார்கள், எடுத்து வெளியே விடுவார்கள். அந்தக் கையா இது என்று பார்த்தேன். மண்டை ஓட்டின் துண்டு ஒன்று தராசுத் தட்டில் விழுந்திருந்தது. துடைத்து எடுத்தேன்.

அருங்காட்சி அறையில் சுறா கிடந்த ஃபார்மலின் தொட்டி இருக்கிறது. சுறாவை வெளியே எடுத்து வைத்தேன். கால்களை மடக்க வேண்டியிருந்தது. முழங்காலுக்குச் சுத்தியல் மறுபடி தேவைப்பட்டது.

கஞ்சிப் பலகை தயாராக இருந்தது, வீணாக்க மனமில்லை. மிச்சமிருந்த டால்பின் ரத்தம் பத்துக் கீறலில். பதினோராவது கீறல் காலி. அவன் ரத்தத்தில் காகிதம் நனைத்து அதில் செருகினேன். சாயங்காலத்துக்குள் கோடு வந்துவிட்டது. ஒற்றைக் கோடு, மற்றதிலிருந்து விலகி, மிகத் தெளிவாக. அந்தப் பலகையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, சார். உங்களுக்குக் காட்ட ஆசையாக இருக்கிறது.

அவன் ரத்தத்தில் கொஞ்சத்தை ஒரு புட்டியில் பிடித்து லேபிள் ஒட்டினேன். '11. தேவசகாயம். ஆண். வயது சுமார் நாற்பது. கோவளம்.' ஐஸ் பெட்டியில் நீங்கள் கண்டுபிடித்தது அதைத்தான். ஏன் ஒட்டினாய் என்று உங்கள் ஏட்டு சிரித்தார். லேபிள் இல்லாத புட்டியை யாரும் நம்பமாட்டார்கள். அவன் கொண்டுவந்த பத்திலும் லேபிள் இல்லை, வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அன்றே பத்திரிகைக்குப் பதில் எழுதித் தபால் பெட்டியில் போட்டேன். 'மாதிரிகள் பத்துத் தனிப் பிராணிகளுடையவை. சேகரித்தவர் காலமாகிவிட்டதால் மேல்விவரம் கேட்க வழியில்லை.' அந்தக் கடிதம் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. அதில் ஒரு பொய் இருக்கிறது. உங்கள் தயவில் ஒரு தந்தி கொடுக்க முடியுமானால், பத்து என்பதை ஒன்று என்று திருத்திவிடுவேன். மற்றபடி நான் செய்ததில் பிழை எதுவும் இல்லை.