வெள்ளிக் குழாயின் மூடி

ஞாபக மறதி எனக்குக் கிடையாது. முள்ளிப்பட்டில் யார் வீட்டுத் தறியில் என்ன பாவு ஏறியிருக்கிறது, அதற்கு என்ன நிறத்தில் கரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால்தான், இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் நல்ல மனதோடு சொன்ன யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. "குழாய் மூடியத் தொறக்க மறந்துட்டேன்னு சொல்லிடும்மா, உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றீர்கள். நான் மறக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் மணவாளன் பட்டு முதலாளி. வீட்டுத் தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துச் சேலை நெய்து வாங்குகிறவர். ஆனால் ஆரணி ஊருக்கே அவர் வெறும் தூங்குமூஞ்சி. எதிரே ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கிவிடும். களம்பூருக்கு பஸ் ஏறினால் போளூரில் போய் இறங்குவார். சொந்தத் தம்பி கல்யாணத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே குறட்டை விட்டார். சோம்பேறி என்றார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் பக்கத்தில் படுத்தவள் நான். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். மூச்சும் நிற்கும். விலாவில் ஓர் இடி இடித்தால்தான் ஒருக்களித்துப் படுத்து மூச்சு விடுவார். கல்யாணமான நாளிலிருந்து இடித்துக்கொண்டிருந்தேன். அவர் உயிர் என் முழங்கையில் இருந்தது என்றால் மிகை இல்லை.

அவர் தூங்கியதால் தொழில் என் கைக்கு வந்தது. யாரும் கொடுக்கவில்லை, நானும் பிடுங்கவில்லை. முதலில் நூலை எடுத்துக் கொடுத்தேன். பிறகு நிறம் சொன்னேன். அரக்குச் சேலைக்கு மயில்கழுத்து நிறத்தில் கரை போடச் சொன்னபோது, முள்ளிப்பட்டில் எங்களுக்கு நெய்கிற தருமன் சிரித்தான். அந்தச் சேலையைக் கேட்டுக் காஞ்சிபுரத்திலிருந்து கடைக்காரர்கள் வந்தார்கள். அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை. அந்த வருஷங்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது சமையல்கட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

எண்பத்திரண்டில் என் கொழுந்தனார் ஜெயவேல் அவரை மெட்ராஸுக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். அங்கே மூச்சு நோய்க்கென்றே படித்த டாக்டர் இருந்தார். ஓர் இரவு முழுக்கக் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இவர் தூங்குவதைப் பார்த்தார். காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"இது சோம்பேறித்தனம் இல்லம்மா, வியாதி. தூங்கினதும் தொண்டை மூடிக்குது. ராத்திரி பூரா மூச்சுக்குப் போராடுறவர் பகல்ல தூங்காம என்ன பண்ணுவார்?"

கழுத்தில் துளை போட்டு வெள்ளிக் குழாய் வைத்தார்கள். விழித்திருக்கும்போது அதை மூடினால் பேசலாம். தூங்கும்போது மூடியை எடுத்துவிட வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டாலும் மூச்சு குழாய் வழியாகப் போகும். பகலில் கண் அயர்ந்தாலும் திறந்தே இருக்க வேண்டும், தூக்கம் வருகிற மருந்து எதுவும் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார். குழாயைக் கழட்டிக் கழுவவும் சொல்லிக் கொடுத்தார். கெட்டிக்காரி என்று என்னைப் பாராட்டினார்.

குறட்டை நின்றது. என் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போக ஆரம்பித்தார். ஒரு நாள் என்னை உட்கார வைத்து, "பாவம், இத்தினி வருஷமா நீ பட்ட பாடு போதும். இனிமே நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியா குந்து" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இரண்டு அடி அடித்திருந்தால் பொறுத்திருப்பேன்.

அடுத்த வாரம் தருமன் வாசலிலேயே நின்றான். "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. கலர் கிலர் எல்லாம் இனிமே தன்னையே கேக்கணும்னு அய்யா சொல்லிட்டாரு" என்றான். அரக்குக்கு மஞ்சள் கரையாம். ஊரெல்லாம் போடுகிற அதே மஞ்சள்.

அப்போதும் அவரைக் கொல்ல நினைக்கவில்லை. தூங்க வைக்கத்தான் நினைத்தேன். அவர் அயர்ந்த பிறகு மூடியைப் போடுவேன். விழிக்கும் முன் எடுத்துவிடுவேன். குறட்டை சத்தமாக ஏறினாலும் மூச்சு நின்றாலும் பழையபடி விலாவில் இடிப்பேன். அவருடைய வியாதியை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். சீக்கிரமே பேசிக்கொண்டிருக்கும்போது தலை தொங்க ஆரம்பித்தது. தருமன் மறுபடியும் உள்ளே வந்து என்னிடம் நிறம் கேட்டான். வீடு ஒழுங்குக்கு வந்தது.

அதைக் கெடுத்தவரும் அவர்தான். "இன்னான்னே தெரியல தேவகி, திரும்பவும் தூக்கமா வந்துகினே கீது. அமாவாச கழிச்சி மெட்ராஸ் போறேன். டாக்டரு ஒரு ராத்திரி கூட இருந்து பாத்தாருன்னா இன்னான்னு புரிஞ்சிடும்" என்றார். புரிந்துவிடும் என்று எனக்கும் தெரியும். அப்புறம் நான் ஆயுசுக்கும் நிம்மதியாகக் குந்தியிருக்க வேண்டியதுதான்.

அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. எல்லா வீட்டிலும் படையல் போட்டு, மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். அவருடைய பாயசத்தில் மட்டும் நான் தூக்க மருந்து கலந்திருந்தேன். அதையும் மறக்கவில்லை, பாருங்கள். மல்லாந்து படுத்தார். மூடியைப் போட்டேன். மற்ற நாளாக இருந்தால் தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது. அன்று குறட்டை தெரு வரைக்கும் போனது.

பக்கத்து வீட்டு முனியம்மா சன்னலில் எட்டிப் பார்த்தாள். "இன்னா தேவகி, அண்ணன் ரொம்ப நாள் கழிச்சி நல்லா தூங்கறாரு போல. எங்க ஊட்டு வரைக்கும் கேக்குது."

"ஆமா முனியம்மா. ஒடம்பு தேறிடுச்சி" என்றேன்.

எங்கள் தெருவில் குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று அர்த்தம். சாவு வீட்டிலும் முனியம்மா அதையே சொல்லி அழுதாள். கடைசியாக நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்கினாராம். காரியம் முடிந்து டாக்டருக்குத் தகவல் சொல்லப் போன ஜெயவேலும் அதையே ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார். "குழாய் திறந்திருந்தா குறட்டை எப்படி வரும்?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கொழுந்தனார் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே உங்களிடம் வந்துவிட்டார்.

உடம்பை எரித்தாகிவிட்டது. ஒரு குறட்டையை வைத்துக்கொண்டு என்னை ஒன்றும் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மறதிக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு இந்த ஊரில் என்னால் இருக்க முடியாது. என் வேலையில் நான் எதையும் விட்டதில்லை.

குறட்டை நின்றது. நான் இடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் கறுத்தது. கண் பாதி திறந்தது. அவருடைய வலது கை மெல்ல எழுந்து கழுத்தை நோக்கிப் போனது. அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அது அடங்குகிற வரைக்கும் விடவில்லை. போகிற நேரத்தில் கூடவே இருந்து கையைப் பிடித்துக்கொள்கிற பெண்டாட்டி இந்த ஊரில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறாள், நீங்களே விசாரித்துப் பாருங்கள்.