குதிச்சாத்தான் பந்து போகும்

டிக்கு… டிக்கு… டிக்குன்னு கேக்கும் தம்பி. எம் பையன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்போ, வீடியோ கேம் பட்டனை அமுக்கற சத்தம். தகரத்துல தூறல் விழற மாதிரி. நான் பாட்டுக்குப் பக்கத்துல துணி மடிச்சிட்டிருப்பேன். அவன் கட்டைவிரல் மட்டுந்தான் அசையும். டிவியில பொம்மை மலையே தாண்டும்! அது சத்தம். நீங்க சொல்றீங்களே, கூரை இடியற மாதிரி இருக்குன்னு… அது சத்தமில்ல, கர்மம்.

உள்ள வாங்க, ஏன் வாசல்லயே நிக்கறீங்க? கீழ்வீட்டுக்குப் புதுசா வந்தவர், நைட் டூட்டி, மத்தியானம் தூங்குவாருன்னு வாட்ச்மேன் சொன்னாரு. பாவம், கண்ணு செவந்து கெடக்கு.

ஆனா தப்பு எம்மேல இல்ல தம்பி. இந்தக் கேம் ரிமோட்டைச் செஞ்சானே, அவன் மேல! கையில பிடிச்சுப் பாருங்க. பேருக்கு ஒரு பட்டன். மத்தபடி நெஜ டென்னிஸ் மாதிரி கையை வீசணுமாம். அப்புறம் என்னத்துக்குக் கேமு? மைதானத்துக்கே போயிடலாமே! நேத்து ஒரு கொசு அடிச்சேன்… பந்து அவுட்டு. மூக்குக்கண்ணாடியை ஏத்தி விட்டேன்… அதுவும் அவுட்டு. எது அடி, எது அரிப்புன்னு அதுக்குத் தெரியல. நான் வீசி முடிச்சு மூச்சு வாங்கறப்போதான் பொம்மை யோசிச்சு யோசிச்சு மட்டையைத் தூக்குது. அப்படியே எங்க வீட்டுக்காரர் மாதிரி. அதோ, சோபாவுல. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்றாரா பாருங்க.

யாரோட ஆடறேன்னு கேக்கலியே? என் தங்கச்சி. தூரத்துல நர்சா இருக்கா. அம்மா போனப்புறம் தையல் மெஷின் யாருக்குன்னு ஒரு பேச்சு வந்துச்சு… நான் ஒண்ணு சொன்னேன், அவ ஒண்ணு சொன்னா. அதோட பேச்சுவார்த்தை இல்ல. ஃபோன் பண்ணா எடுக்க மாட்டா. ஆனா பந்தை அடிச்சா திருப்பி அடிக்கிறா! எம் பையன்தான் ரெண்டு வீட்டுக்கும் இந்தப் பெட்டியை வாங்கிக் குடுத்து நெட்டு வழியாக் கோத்து விட்டான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வருவா. ஒரே ஒரு ஆட்டம். போயிடுவா.

பட்டன்ல யார் அமுக்கினாலும் பொம்மை ஒரே மாதிரிதான் தம்பி அடிக்கும். இதுல அப்படியில்ல. பந்து போடறதுக்கு முன்னாடி அவ பொம்மை மட்டையை ரெண்டு உதறு உதறும். தெர்மாமீட்டரை உதறற மாதிரி… மூஞ்சி யாரோட மூஞ்சியோ, கை அவ கை. முத நாள் அதைப் பாத்துட்டு நான் பந்தையே கோட்டை விட்டுட்டேன்.

என்னது… மெதுவா ஆட முடியாதாவா? முடியும். மணிக்கட்டை லேசாச் சுண்டினாப் போதுமாம். இவர் சோபாவுல சாஞ்சுக்கிட்டே சுண்டிக் காமிச்சாரு. அதே பந்து, அதே வேகம். நாம குதிக்கறதை இந்தப் பெட்டி கண்டுக்கவே கண்டுக்காதாம். முத வாரமே சொல்லிட்டாரு! ஆனா… அக்கா நோகாம உக்காந்துக்கிட்டு அடிக்கறான்னு அவளுக்குத் தோணிடக் கூடாதில்ல? அவ என்ன பாக்கவா போறான்னு கேக்காதீங்க. அவ கை எனக்குத் தெரியுது. என் கை அவளுக்குத் தெரியாதா?

ஐயோ, வந்துட்டா! உதறறா பாருங்க… ஒண்ணு… ரெண்டு… தள்ளி நில்லுங்க தம்பி, கை படும்! இந்தா… வாங்கிக்கோடி! ஹா!

எங்க, அதுக்குள்ள படியிறங்கறீங்க? இதைக் கேட்டுட்டுப் போங்க. உங்களுக்கு முன்னாடி கீழ ரிட்டயரான ஒரு கணக்கு டீச்சர் இருந்தாங்க. தங்கமானவங்க! ஒரு நாள்கூட மேல வந்து ஏன்னு கேட்டதில்ல. ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாமக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. இப்ப வேற கட்டடத்துல, மேல யாருமே இல்லாத மாடியில இருக்காங்களாம்.